கொடை வில்லும் மேடை வில்லிசையும்: சுப்பு ஆறுமுகத்தின் கலைவாழ்வு குறித்த ஒரு மறுமதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் (1928–2022) பற்றிய மதிப்பீடுகள் இருவகையாக அமைந்துள்ளன. அழியும் நிலையிலிருந்த வில்லுப்பாட்டைக் காத்தவர் என்பது ஒன்று. கோவில் சார்ந்த கலையை மேடைப் பொழுதுபோக்காக நீர்க்கச் செய்தவர் என்பது மற்றொன்று. கொடையில் நிகழும் வில்லும் மேடையில் நிகழும் வில்லிசையும் ஒரே கலையின் இரு நிலைகள் என்னும் எடுகோளின்மீதே இவ்விரு மதிப்பீடுகளும் நிற்கின்றன. அந்த எடுகோளை இக்கட்டுரை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. பின்பாட்டாளரின் பணி, தாளத்தின் பயன்பாடு, கதைப்பொருள், ஆசிரியத்துவம் ஆகிய நான்கு கூறுகளை ஒப்பிட்டு, சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசை கதாகாலட்சேபம், திரைப்பட நகைச்சுவைப் பகுதி, கொடை வில் ஆகிய மூன்றும் கூடிப் பிறந்த தனிவகை எனக் கருத இடமுண்டு என்பதை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வில்லுப்பாட்டு, வில்லிசை, கொடை, சுப்பு ஆறுமுகம், கலைவாணர், நிகழ்த்துகலை, ஆசிரியத்துவம்.

1. முன்னுரை

வில்லுப்பாட்டு, வில்லடிப்பாட்டு, வில்லடிச்சான்பாட்டு, வில்லிசை எனப் பல பெயர்களால் ஒரு கலை சுட்டப்படுகிறது. இப்பெயர்கள் ஒருபொருட் பன்மொழி போலவே பாடநூல்களில் இடம்பெறுகின்றன. ஆனால் வழக்கில் இவற்றின் இடம் வேறுவேறு. தாமிரபரணிக் கரையூர்களில் ‘இந்தக் கொடைக்கு யார் வில்லு?’ என்று கேட்பார்கள்; சென்னை அரங்கின் அழைப்பிதழில் ‘வில்லிசை’ என்று அச்சிடுவார்கள். முதலாவது சொல் கருவியைக் கொண்டே நிகழ்வு முழுவதையும் குறிக்கிறது. இரண்டாவது சொல் அந்நிகழ்விலிருந்து இசையை மட்டும் பிரித்தெடுத்து அதற்குக் கலை என்னும் தகுதியை வழங்குகிறது. பெயர் மாறிய இந்த இடைவெளியில் நின்று செயல்பட்டவர்களுள் முதன்மையானவர் சுப்பு ஆறுமுகம்.

அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் ‘நாட்டுப்புறக் கலைஞர்’ என்னும் அடையே பெரிதும் ஆளப்பட்டது. அவருக்கு வழங்கப்பட்ட விருதுகளும் அவ்வகைப்பாட்டின் கீழேயே வழங்கப்பட்டன. அவ்வகைப்பாடு எந்த அளவுக்குப் பொருந்தும் என்னும் வினா ஒரு தனிக் கலைஞரோடு நின்றுவிடுவதன்று. ஒரு கலையின் எந்த வடிவத்தை அரசும் கல்வி நிறுவனங்களும் அக்கலையின் சான்றாக ஏற்கின்றன, எதை ஏற்காமல் விடுகின்றன என்பதோடு தொடர்புடையது அது. அந்த நோக்கிலேயே இக்கட்டுரை அமைகிறது.

2. கொடை வில்லின் இயல்பு

ஒப்பீட்டிற்கு முதற்படியாகக் கொடை வில்லின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்பது தேவை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களுக்கு எடுக்கப்படும் விழா கொடை எனப்படும். ஊராரோ ஒரு குடும்ப வழியினரோ வரி பிரித்து இதனை நடத்துவர். விழா நாள்களில் தெய்வத்தின் கதையைப் பாடுவது வில்லின் கடமை. வில் தெய்வத்தை நோக்கி அமைகிறது. கேட்போர் அதன் இருமருங்கும் இருக்கின்றனர்.

நாணில் வீசுகோல் விழும்போது வில்லில் கோத்த மணிகள் ஒலிக்கின்றன. புரிமணையின்மீது அமர்த்திய குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை உடன் இயங்குகின்றன. வில் சுரம் எழுப்பும் நரம்புக்கருவியாக இங்குப் பயன்படுவதில்லை என்பது கருதத்தக்கது. அது முழுக்கத் தாளக்கருவியே. குழுவின் தலைவர் புலவர் எனவும் அண்ணாவி எனவும் அழைக்கப்பெறுவார். அவரோடு வலத்தே பாடுவோரும் குடத்தின் பக்கம் இடத்தே பாடுவோரும் இருப்பர். இடத்தே பாடுவோர் தலைவர் பாடிய அடியை வாங்கிப் பாடி நிறைவு செய்வர்.

வில்லுப்பாட்டை நிகழ்த்துதல் நோக்கில் ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியான தம் நூலில், இக்கதைகளைத் தெய்வப் பிறப்புடையோர் கதைகள், கொடிய இறப்பால் தெய்வமானோர் கதைகள் என இரண்டாகப் பகுத்தார். அப்பகுப்பின் பயன் கதைப்பொருளை வகைப்படுத்துவதோடு முடிவதில்லை. நிகழ்வின் உச்சம் எங்கே அமைகிறது என்பதையும் அது காட்டுகிறது. கதையில் தெய்வம் பிறக்கும் இடத்திலோ மனிதர் கொலையுண்டு வீழும் இடத்திலோ தாளம் முறுகி, கோமரத்தாடிமேல் சாமி வருகிறது. கதை சொல்லி முடிக்கப்படுவதைக் காட்டிலும் சாமி இறங்குவதே நிகழ்வின் நோக்கம். எனவே கொடை வில்லின் வெற்றியை அளக்கும் அளவுகோல் கேட்போரின் கைதட்டலில் இல்லை.

3. சத்திரம் புதுக்குளத்திலிருந்து சென்னைக்கு

சுப்பு ஆறுமுகம் 1928இல் திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தார். இசைப் பயிற்சி குடும்பத்திலேயே கிடைத்தது. பதின்வயதிலேயே ‘குமரன் பாட்டு’ என்னும் கவிதைத் தொகுப்பை வெளியிட்டார் என்பது அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி. இச்செய்தி பெரும்பாலும் அவரது இளமைத் திறமைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. கொடைக் குழுவில் குடம் தட்டிப் படிப்படியாக அண்ணாவியாக உயரும் மரபுப்பாதை அவருடையதன்று. முதலில் அவர் பாட்டெழுதும் கவிஞர். அதன் பின்னரே வில்லிசைக் கலைஞர்.

1948இல் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர், தம் இளமையில் வில்லுப்பாட்டோடு தொடர்புடையவர். நாடகத்திற்கும் பின்னர் திரைப்படத்திற்கும் சென்ற பிறகும் அக்கலையின்மீது பற்றைக் கைவிடாதவர். சுப்பு ஆறுமுகத்தை அவர் இருவகைப் பணிகளில் ஈடுபடுத்தினார். ஒன்று, தமக்காகக் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாக எழுதச் செய்தது. மற்றொன்று, திரைப்படங்களுக்கு நகைச்சுவைப் பகுதி எழுதச் செய்தது. கலைவாணரின் 19 படங்களுக்கும், பின்னர் நாகேஷ் நடித்த ஏறத்தாழ 60 படங்களுக்கும் அவர் நகைச்சுவைப் பகுதிகள் எழுதியதாக வாழ்க்கைக் குறிப்புகள் கூறும்.

கலைவாணர் 1957இல் மறைந்தார். அதன் பின்னும் சுப்பு ஆறுமுகம் தம் குழுவோடு அரங்கு, வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்று களங்களிலும் இயங்கினார். இராமாயணமும் மகாபாரதமும் அவரால் வில்லிசை வடிவம் பெற்று நூல்களாயின. 1975இல் கலைமாமணி விருதும், 2004இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 2021இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. 2022 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் காலமானார். அவரோடு மேடையில் அமர்ந்து பாடிவந்த மகள் பாரதி திருமகன் அவ்வழியைத் தொடர்கிறார்.

இக்கலைவாழ்வில் திரைப்பட எழுத்து ஒரு துணைத்தொழில் போலவே இதுவரை கருதப்பட்டுள்ளது. வில்லிசை ஒருபுறம், வருவாய்க்கான திரைப்பணி மறுபுறம் என இரண்டும் தனித்தனியே பேசப்படுகின்றன. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும்போதே அவரது வில்லிசையின் உள்ளமைப்பு விளங்கும்.

4. பின்பாட்டாளரின் மாற்றம்

மேடை வில்லிசையைக் கேட்ட எவருக்கும் முதலில் நினைவில் நிற்பது பின்பாட்டாளரின் ‘ஆமாம்’ என்னும் சொல். தலைவர் ஒரு தொடரைச் சொல்லி நிறுத்த, பக்கத்திலிருப்பவர் அதை ஆமோதிக்கிறார். சில இடங்களில் வினவுகிறார். சில இடங்களில் மறுக்கிறார். இக்கூறு கொடை வில்லிலிருந்தே பெறப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் பணி முற்றிலும் மாறியுள்ளது.

கொடையில் இடத்தே பாடுவோர் அடியை வாங்கிப் பாடுவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. இரவு முழுதும் நீளும் பாட்டில் தலைவருக்கு மூச்சும் ஓய்வும் தேவை. சடங்குக் காரணமும் ஒன்று உண்டு. தெய்வத்தின் கதையில் ஓர் அடி இருமுறை ஒலிப்பது அதனை உறுதிப்படுத்துவதாகும். அங்கே பின்பாட்டாளர் ஐயம் எழுப்புவதற்கு இடம் மிகக் குறைவு. கேட்போருக்கு அக்கதை முன்பே தெரியும். வினவவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

மேடையில் நிலைமை வேறு. அங்கே கூடியிருப்போர் பல ஊரினர், பல சாதியினர், பல வழிபாட்டினர். அவர்களுக்குப் பொதுவான கதை அறிவை முன்கூட்டியே எதிர்பார்க்க இயலாது. அந்த இடைவெளியை நிரப்பும் பணி பின்பாட்டாளர்மேல் விழுகிறது. கேட்போர் கேட்க நினைக்கும் வினாவை அவர் கேட்கிறார். அவர்களுக்கு வரும் ஐயத்தை அவர் வெளிப்படுத்துகிறார். பிழையாகப் புரிந்துகொண்டு சிரிப்பை எழுப்புகிறார். தலைவர் அதைத் திருத்தும் முகமாகக் கதையின் கருத்து நிலைநாட்டப்படுகிறது. சுருங்கச் சொன்னால், கொடையில் தலைவரின் நீட்சியாக இருந்த பின்பாட்டாளர் மேடையில் கேட்போரின் பேராளராகிறார்.

இந்த உரையாடல் அமைப்புக்கு நெருங்கிய உறவு திரைப்பட நகைச்சுவைப் பகுதியில் காணப்படுகிறது. கலைவாணரும் டி. ஏ. மதுரமும் இணைந்து நடித்த காட்சிகளில் ஒருவர் உலகியல் அறிவோடு பேச, மற்றவர் வினவியும் மடக்கியும் அப்பேச்சை வளர்ப்பது வழக்கம். சிரிப்பின் வழியே ஒரு சமூகக் கருத்தைச் சென்று சேர்ப்பது அக்காட்சிகளின் நோக்கம். அதே கலைஞருக்கு அதே காலத்தில் நகைச்சுவைப் பகுதியும் வில்லுப்பாட்டும் எழுதியவர் சுப்பு ஆறுமுகம். இரண்டு எழுத்துமுறைகளும் ஒன்றையொன்று ஊடுருவாமல் இருந்திருக்கும் எனக் கொள்வதே கடினம்.

மூன்றாவதாக ஒரு மரபும் இங்கே கருதத்தக்கது. கதாகாலட்சேபம் தமிழ்நாட்டு அரங்குகளில் முன்பே நிலைபெற்றிருந்த கதைகூறல் வடிவம். இடையிடையே பாட்டு, கிளைக்கதை, நகைச்சுவை, அறவுரை என அது அமையும். கலைவாணர் அவ்வடிவத்தை எடுத்துக்கொண்டு ‘கிந்தனார்’ என்னும் சமூகக் கதையைப் பாடினார். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலும் அது இடம்பெற்றது. வைதிகச் சார்புடைய ஒரு வடிவத்தைச் சீர்திருத்தக் கருத்துக்குப் பயன்படுத்தும் அத்துணிவு, வில்லுப்பாட்டைக் கோவில் முற்றத்திலிருந்து அரங்கிற்குக் கொண்டுவரும் முயற்சிக்கும் முன்மாதிரியாக இருந்திருக்கக்கூடும். இராமாயணம், மகாபாரதம் ஆகிய பெருங்கதைகளைத் தொடர் நிகழ்வாகச் சொல்லும் முறையில் சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசை கொடையைவிடக் காலட்சேபத்திற்கே அணுக்கமாக நிற்கிறது.

5. தாளத்தின் இடம்

இசை நோக்கில் இரு வடிவங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தாளத்தைக் கொண்டே தெளிவாக விளக்கலாம். கொடை வில்லில் தாளம் நிகழ்வை முன்செலுத்தும் ஆற்றல். விருத்தம் போன்ற தாளமற்ற பகுதிகளில் கதை நிதானமாக விரிகிறது. பாட்டுப் பகுதியில் நடை விரைகிறது. சாமி வரும் தறுவாயில் உடுக்கையும் குடமும் வில்லும் சேர்ந்து சொல்லையே மூழ்கடிக்கின்றன. அந்நேரத்தில் பாடலின் சொற்கள் கேட்கவில்லை என்று எவரும் குறைகூறுவதில்லை. ஒலியே அங்கே செயல்.

மேடை வில்லிசையில் சொல் ஒருபோதும் மூழ்கக்கூடாது. ஒலிபெருக்கியும் வானொலியும் சொல்லின் தெளிவையே முதன்மையாக வேண்டுகின்றன. எனவே வீசுகோலின் பணி மாறுகிறது. ஒரு கருத்து முடியும் இடத்தில், ஒரு நகைச்சுவை வெடிக்கும் இடத்தில், ஒரு காட்சி மாறும் இடத்தில் வீசுகோல் நாணில் விழுகிறது. எழுத்தில் நிறுத்தற்குறிகள் செய்யும் பணியை அது செய்கிறது எனலாம். பாட்டும் பேச்சும் கலந்த ஓட்டத்தில் பேச்சின் அளவு மிகுகிறது. மெட்டுகள் எளிமையானவை, ஒருமுறை கேட்டதும் பின்பற்றக்கூடியவை. அவை கேட்போரை அருள்நிலைக்கு இட்டுச் செல்வதற்காக அமைந்தவை அல்ல. கருத்தை நினைவில் நிறுத்துவதற்காக அமைந்தவை.

இம்மாற்றத்தை இசையின் தேய்வு என்று மட்டும் கூறுவது பொருந்தாது. பேச்சுத்தமிழின் ஏற்ற இறக்கத்தைத் தாளத்தோடு பொருத்தி, ஒரு தொடரை எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும், எங்கே நீட்டினால் இரக்கம் வரும் எனக் கணித்து இயங்குவது தனித்திறன். திருநெல்வேலிப் பேச்சு வழக்கின் ஓசைநயம் இதற்குத் துணைசெய்கிறது. இத்திறனை அளப்பதற்குக் கொடை வில்லின் அளவுகோலும் செவ்வியல் இசையின் அளவுகோலும் போதா. சொல்லிசை, மேடைப்பேச்சு, நாடக உரையாடல் ஆகியவற்றை ஆராயும் கருவிகள் தேவைப்படுகின்றன.

6. கொலையுண்டோர் கதையும் காந்தி கதையும்

கதைப்பொருளில் நேர்ந்த மாற்றமே விமர்சனத்திற்கு மிகுதியாக இடந்தருவது. தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசம் பகுதியைக் களமாகக் கொண்ட முத்துப்பட்டன் கதையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பிராமணனாகிய பட்டன், வாலப்பகடையின் மகளிரான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அச்சமூகத்தின் தொழிலையும் ஏற்று, ஆநிரை காக்கும் போரில் மடிகிறான். மனைவியர் தீப்பாய்கின்றனர். சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனாக வழிபடப்படும் அவனுக்கு இன்றும் செருப்பு காணிக்கையாக வழங்கப்படுகிறது. இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அப்பெண்களைப் பிறப்பால் பிராமணர் எனக் காட்டும் வகையில் பிற்காலத்தில் கதை மாற்றப்பட்டதையும் எடுத்துக்காட்டினார். சாதி மீறிய மணத்தைச் சமன்செய்ய ஒரு சமூகம் மேற்கொண்ட முயற்சியின் தடம் அது.

கொடை வில்லின் கதைகள் இவ்வாறு ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் கொலை நடந்த இடமும் சுட்டுபவை. கொன்றவர் வழியினரும் கொல்லப்பட்டவரை வழிபடுவோரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழக்கூடும். ஆகவே இக்கதைகள் பாடப்படும் இடத்தோடு பிணைந்தவை. நீதி கிடைக்காமல் மடிந்தவரின் நினைவை ஆண்டுதோறும் எழுப்பி, அவர்க்குச் சினந்தணியப் படையலிடுவது அச்சடங்கின் உள்ளுறை. இக்கதைகள் சென்னை அரங்கிற்கு எளிதில் பெயர்க்க இயலாதவை. அரங்கு பொதுவானது, அங்கே எவர் மனத்தையும் புண்படுத்தாத கதை வேண்டும். இதிகாசமும், அடியார் வரலாறும், தேசத் தலைவர் வரலாறும் அத்தேவையை நிறைவு செய்தன.

இந்த இடத்தில் காந்தி கதை தனிக் கவனத்திற்குரியது. அதனை நவீனப் பொருளொன்றைப் பழைய வடிவில் பொருத்திய முயற்சி என்றே பொதுவாகக் கூறுவர். ஆனால் காந்தியடிகள் 1948 சனவரி 30ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டவர். அறம் சார்ந்து வாழ்ந்து, எதிர்பாராத கொலைக்கு ஆளாகி, இறப்பிற்குப் பின் மக்கள் மனத்தில் தெய்வநிலைக்கு உயர்ந்தவர். கொடிய இறப்பால் தெய்வமானோர் கதைகளின் அமைப்போடு அவர் வரலாறு பெரிதும் ஒத்துப்போகிறது. வில்லின்முன் அமர்ந்து பழகிய தென்மாவட்ட மக்களுக்கு, கொலையுண்ட சான்றோர் ஒருவரின் கதையை வில்லில் கேட்பது புதுமையாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. பொருளும் வடிவமும் ஆழ்ந்த நிலையில் இயைந்த தேர்வு அது.

எனினும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடாமல் விட இயலாது. கொலையுண்ட மாடனின் கதையில் சினம் எஞ்சுகிறது. அதனைத் தணிக்கவே கொடை. காந்தி கதையில் சினத்திற்கு இடமில்லை, அறவுரையே எஞ்சுகிறது. சினத்தை எழுப்பித் தணிக்கும் கலை, மேடையில் நல்லொழுக்கத்தைப் பரிந்துரைக்கும் கலையாகிறது. சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசை முழுமைக்கும் இந்த அறவுரைத் தன்மை பொருந்தும். அவரது வலிமையும் எல்லையும் இதுவே. எல்லாரையும் ஒன்றாக அமரச் செய்யும் கதையை அவர் சொன்னார். எல்லாரையும் ஒன்றாக அமரவிடாத கதைகள் ஊரிலேயே தங்கின.

7. ஏடும் நூலும்

நாட்டுப்புறக் கலை வாய்மொழியில் வாழ்வது, மேடைக்கலை எழுத்தில் வாழ்வது என்னும் எளிய பாகுபாடு வில்லுப்பாட்டிற்குப் பொருந்தவில்லை. கொடை வில்லின் கதைகள் பல ஏட்டுச்சுவடிகளில் எழுதிக் காக்கப்பட்டவை. புலவர் தம் ஆசானிடம் பெற்ற ஏட்டைப் பின்பற்றியே பாடுவார். கதையை விருப்பம்போல் மாற்றினால் கேட்போரே தடுப்பர். தெய்வக் குற்றம் நேரும் என்னும் அச்சமும் உண்டு. மேடை வில்லிசையிலோ எழுதப்பட்ட பாட்டுகளுக்கு இடையே வரும் பேச்சு, அன்றைய நிகழ்ச்சியையும் அவையின் இயல்பையும் பொறுத்து மாறக்கூடியது. ஆக, எழுத்து இரண்டிலும் உண்டு. வேறுபடுவது எழுத்திற்கு உரிமை கொள்வோர் யார் என்பதே.

ஏட்டின் ஆசிரியர் பெயர் பல கதைகளில் மறைந்துவிட்டது. பெயர் கிடைக்கும் இடங்களிலும் கதை தெய்வத்திற்கும் கோவிலுக்கும் உரியதாகவே கருதப்படுகிறது. சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசைக்கு ஆசிரியர் உண்டு, அட்டையில் பெயர் உண்டு, பதிப்பாளர் உண்டு. பாட்டை இயற்றியவரும் இசையமைத்தவரும் பாடியவரும் ஒருவரே. இம்மூன்றும் ஒருவரிடம் குவிந்தமையே அவரைத் தற்கால நோக்கில் தனித்த கலைஆளுமையாக ஆக்குகிறது. ஆய்வுலகம் இதன் விளைவை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகள் அவரைத் தகவலாளர் போலவே அணுகி, வாழ்க்கைக் குறிப்பையும் விருதுப் பட்டியலையும் தந்து அமைகின்றன. இக்கால இலக்கிய வரலாறுகள் அவரை நாட்டுப்புறக் கலைஞர் எனக் கருதி விட்டுவிடுகின்றன. இரண்டு துறைகளின் இடைவெளியில் அவரது நூல்கள் வாசிக்கப்படாமல் நிற்கின்றன.

8. ஏற்பும் அதன் விலையும்

மேடை வில்லிசை பெற்ற ஏற்பு இன்று பள்ளி, கல்லூரிக் கலைவிழாக்கள்வரை பரவியுள்ளது. போட்டிகளில் மாணவர்கள் சில நிமிடங்களில் நீர்ச் சிக்கனம், நெகிழி ஒழிப்பு, கல்வியின் சிறப்பு எனப் பாடுகின்றனர். அரசுத் துறைகளின் விழிப்புணர்வுப் பரப்புரைக்கும் இவ்வடிவமே பயன்படுகிறது. இதனால் வில், குடம், உடுக்கை ஆகிய கருவிகளும் வில்லுப்பாட்டு என்னும் பெயரும் இளந்தலைமுறைக்கு அறிமுகமாகின்றன. இப்பயனைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

ஆயினும் ஒரு விலை கொடுக்கப்படுகிறது. வில்லுப்பாட்டு என்றால் நகைச்சுவை கலந்த அறிவுரை என்னும் வரையறை நிலைபெறும்போது, கொடையில் இரவெல்லாம் பாடும் குழு அவ்வரையறைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அது கலையாகக் கருதப்படாமல் சடங்காகக் கருதப்படுகிறது; சடங்காகக் கருதப்படுவதால் விருது, நிதி, பயிற்சி ஆகியவற்றின் எல்லைக்குள் வருவது அரிதாகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பல்லாண்டுகள் கொடை வில் நிகழ்த்தி 2018இல் மறைந்த பூங்கனியின் வாழ்க்கை இதற்கு நினைவூட்டல். வில்லின் நடுவே அமர்ந்து தலைமைப் பாட்டு பாடிய பெண் கலைஞர்களுள் மூத்தவரான அவரது முதுமை வறுமையில் கழிந்தது. மேடை வில்லிசை நகரத்தில் புகழ் பெற்ற அதே காலத்தில்தான் அவரும் பாடிக்கொண்டிருந்தார்.

இதற்குச் சுப்பு ஆறுமுகத்தைப் பொறுப்பாக்குவது முறையன்று. எந்தக் கலைஞரும் தமக்குக் கிடைத்த களத்திலேயே இயங்குகிறார். பொறுப்பு வகைப்பாட்டில் உள்ளது. ‘நாட்டுப்புறக் கலை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் இரு வடிவங்களையும் வைக்கும்போது, எளிதில் அரங்கேறும் வடிவம் மற்றொன்றின் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. அக்கலைஞருக்கு வழங்கப்படும் சிறப்பு, கலை முழுமைக்கும் வழங்கப்பட்ட சிறப்பாகக் கணக்கில் எழுதப்படுகிறது.

இரு வடிவங்களும் ஒன்றையொன்று தொடாமல் இயங்குகின்றன எனவும் கருதவேண்டியதில்லை. கொடைக் குழுக்களும் ஒலிபெருக்கியை ஏற்றுள்ளன. திரையிசை மெட்டுகளை இடையே சேர்க்கின்றன. கேட்போர் களைத்திருக்கும் வேளையில் நகைச்சுவையைக் கையாள்கின்றன. ஆனால் சாமி வரும் இடத்தில் இவை அனைத்தும் விலகிவிடுகின்றன. அந்த எல்லைக்கோடே இரண்டையும் வேறுபடுத்தும் உறுதியான சான்று.

9. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து பெறப்படும் கருத்துகள் வருமாறு. சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசையில் பின்பாட்டாளர் கேட்போரின் பேராளராக மாறுகிறார். தாளம் சொல்லுக்குத் துணையாகிறது. கொலையுண்டோர் கதைகளின் இடத்தில் பொதுமக்கள் அனைவரும் ஏற்கும் அறக்கதைகள் அமைகின்றன. பெயரறியாப் புலவரின் இடத்தில் பெயருடைய ஆசிரியர் தோன்றுகிறார். இந்நான்கும் சேர்ந்து நோக்கும்போது, அவர் ஒரு பழங்கலையைக் காத்தவர் என்பதும் கெடுத்தவர் என்பதும் ஒருசேரப் பொருந்தாமற் போகின்றன. ஒரு கருவியையும் ஒரு குழு அமைப்பையும் மரபிலிருந்து பெற்று, காலட்சேபத்தின் கதைகூறலையும் திரை நகைச்சுவையின் உரையாடலையும் இணைத்து, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பொதுமேடைக்கெனப் புதியதொரு வடிவத்தை இயற்றியவர் எனக் கொள்வதே பொருத்தமுடையது.

இம்முடிவு ஏற்கப்படுமாயின் ஆய்வாளர்முன் இரு பணிகள் எழுகின்றன. அவரது வில்லிசை நூல்களையும் வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளையும் இக்காலத் தமிழ் எழுத்தின் ஒரு பகுதியாகக் கொண்டு, பனுவலாகவும் இசையாகவும் வாசிக்க வேண்டும். கொடை வில்லை மேடை வில்லிசையின் பழைய வடிவமாகக் காணாமல், இன்றும் தன் தெய்வத்தின்முன் தன் நோக்கத்திற்காக நிகழும் தனிக்கலையாகக் கண்டு, அதன் புலவர்களைப் பெயரோடும் ஏட்டோடும் ஆவணப்படுத்த வேண்டும். நா. வானமாமலை கதைப்பாடல்களைப் பதிப்பித்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவர் பதிப்பித்தவை கதைகள். அவற்றைப் பாடியவர்களின் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.